நீராவிக் காலக் கற்பனை நாவல்கள்: எங்கிருந்து தொடங்கலாம், எந்த மொழிபெயர்ப்பில் படிக்கலாம்?

பல்சக்கரம்:

வணக்கம் நண்பர்களே. இரண்டு மாதமாக ஒரே வகை நாவல்களாகப் படித்துத் தள்ளிக்கொண்டிருக்கிறேன். பேச வீட்டில் ஆளில்லை, அதனால்தான் இந்த இழை. ஸ்டீம்பங்க் என்கிறார்களே, பெட்ரோலும் கரண்டும் உலகத்தைப் பிடித்துக்கொள்வதற்கு முன்பே நீராவியும் பல்சக்கரமும் வேறொரு வழியில் வளர்ந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று எழுதும் கதைகள். கூடவே விக்டோரியா காலத்து லண்டன், மூடுபனி, கேஸ் விளக்கு, கொஞ்சம் மந்திரம் என்று போகும் சாகசக் கதைகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

எனக்கு ஆரம்பித்து வைத்தது ஸ்காட் வெஸ்டர்ஃபெல்டின் 'லெவயதன்' (2009). பழைய புத்தகக் கடையில் அட்டைப் படத்துக்காக வாங்கியது. கதை நடப்பது 1914, விக்டோரியா இறந்து 13 வருஷம் ஆகிவிட்டது, ஆனாலும் வாசனை அதே வாசனைதான். ஜெர்மனி, ஆஸ்திரியா பக்கம் கால் வைத்து நடக்கும் இரும்பு எந்திரங்கள். பிரிட்டன் பக்கம் டார்வின் வழியில் உயிர்களைக் கலந்து வளர்த்த மிருகங்கள். லெவயதன் என்பதே உயிரோடு இருக்கும் ஒரு ஆகாயக் கப்பல், பாதித் திமிங்கிலம். அதில் வௌவால்கள் வளர்க்கிறார்கள். தீனியோடு கூரான இரும்பு முட்களையும் தின்னக் கொடுத்து, எதிரி விமானத்துக்கு மேலே பறக்கவிட்டு, மிரட்டி அந்த முட்களைக் கொட்டவைக்கிறார்கள். அந்தப் பக்கத்தைப் படித்தபோது ராத்திரி ஒரு மணி, எழுந்து உட்கார்ந்துவிட்டேன். ஆண் வேஷம் போட்டுக்கொண்டு விமானப்படையில் சேரும் டெரின் என்ற பெண்தான் இரண்டு நாயகர்களில் ஒருத்தி, அவள் வரும் இடமெல்லாம் எனக்குப் பிடித்தது.

சரி, கேள்விக்கு வருகிறேன். ஒன்று, அடுத்து என்ன படிக்கலாம்? இரண்டாவது கொஞ்சம் உறுத்தலான கேள்வி. இந்தக் கதைகளில் பேரரசு என்றால் பளபளப்பு, கப்பல், தேநீர், சாகசம். அதே பேரரசின் கீழே நம் ஆட்கள் என்ன நிலையில் இருந்தார்கள் என்பது தெரிந்துகொண்டே இதை இவ்வளவு ரசிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ரசிக்காமலும் இருக்க முடியவில்லை. உங்களுக்கு இப்படித் தோன்றியிருக்கிறதா?

பழையபேப்பர்கடை:

தம்பியோ தங்கையோ தெரியவில்லை, நல்ல கேள்வி. முதல் பாதிக்கு நான் பதில் சொல்கிறேன், இரண்டாவது பாதிக்கு இங்கே வேறு ஆட்கள் வருவார்கள்.

இந்தப் பெயர் பிறந்த கதை பலருக்குத் தெரியாது. 1970-களில் கலிஃபோர்னியாவில் மூன்று நண்பர்கள், கே. டபிள்யூ. ஜீட்டர், டிம் பவர்ஸ், ஜேம்ஸ் பிளேலாக். மூன்று பேரும் ஒருவருக்கொருவர் தெரியும்படியே பழைய லண்டனை வைத்துக் கற்பனைக் கதை எழுதிக்கொண்டிருந்தார்கள். 1979-ல் ஜீட்டரின் 'மார்லாக் நைட்', 1983-ல் பவர்ஸின் 'தி அனுபிஸ் கேட்ஸ்', 1986-ல் பிளேலாக்கின் 'ஹோமன்குலஸ்'. அந்தச் சமயத்தில் கம்ப்யூட்டர் யுகக் கற்பனைக் கதைகளுக்கு வைத்த சைபர்பங்க் என்ற சொல் எல்லார் வாயிலும் இருந்தது. 1987-ல் 'லோகஸ்' என்ற அறிவியல் புனைகதைப் பத்திரிகைக்கு ஜீட்டர் ஒரு கடிதம் போட்டார், எங்கள் மூவரையும் சேர்த்துக் கூப்பிட ஒரு பெயர் வேண்டும், 'ஸ்டீம்பங்க்ஸ்' என்று வைத்தால் என்ன என்று. விளையாட்டாகச் சொன்னது அப்படியே நிலைத்துவிட்டது.

அவர்கள் மூன்று பேருக்கும் பொதுவாக இருந்த ஒரு புத்தகம் பற்றிச் சொல்ல வேண்டும், அது நாவல் இல்லை. ஹென்றி மேஹ்யூ என்ற பத்திரிகையாளர் 1850 வாக்கில் லண்டன் தெருக்களில் நடந்து, ஏழைகளிடம் நேரில் பேசி எழுதிய 'லண்டன் லேபர் அண்ட் தி லண்டன் புவர்'. தேம்ஸ் நதிச் சேற்றில் இறங்கி நிலக்கரித் துண்டும் ஆணியும் பொறுக்கும் பிள்ளைகள், சாக்கடைச் சுரங்கத்துக்குள் புகுந்து காசு தேடுகிறவர்கள் எல்லாரும் அதில் வருகிறார்கள். எனக்கு மறக்கவே மறக்காதது நாய்ப் பீ பொறுக்குகிறவர்கள். தெருத்தெருவாக வாளியோடு அலைந்து சேர்த்து, தோல் பதனிடும் இடத்துக்குக் கொண்டுபோய் வாளிக் கணக்கில் விற்பார்கள். மொராக்கோ என்னும் மெல்லிய தோலைப் பக்குவப்படுத்த அது வேண்டும். அந்தத் தோல்தான் பெரிய வீட்டு அலமாரிகளில் புத்தக அட்டையாகப் போய் உட்காரும். 'தி அனுபிஸ் கேட்ஸ்' நாவலில் (அது 1810-ல் நடப்பது, விக்டோரியாவுக்கும் முந்தியது) பிச்சைக்காரர்களின் கூட்டம் தனி ராஜ்யம்போல வரும். மேஹ்யூவைப் படித்திருந்தால் அந்த இடங்கள் இரண்டு மடங்கு ருசிக்கும்.

ஆகவே என் பரிந்துரை: முதலில் 'தி அனுபிஸ் கேட்ஸ்'. கதை ஓட்டம் அப்படி.

லேத்பட்டறை:

நான் கோயம்புத்தூரில் லேத் வைத்திருக்கிறேன், கதைப் புத்தகம் படிப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும். எனக்கு இந்த வகையில் பிடித்தது கிப்ஸனும் ஸ்டெர்லிங்கும் சேர்ந்து எழுதிய 'தி டிஃபரன்ஸ் இன்ஜின்' (1990). சார்லஸ் பாபேஜ் நினைத்த கணக்கு மெஷின் உண்மையிலேயே ஓட ஆரம்பித்திருந்தால் 1855-ல் லண்டன் எப்படி இருக்கும் என்பதுதான் கதை. கவிஞர் பைரன் அதில் பிரதம மந்திரி. கதை சில இடங்களில் இழுக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மெஷின் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் விட மனசில்லை. அந்தக் காலத்தில் கப்பல் ஓட்டவும் வானம் பார்க்கவும் எண் அட்டவணைப் புத்தகம்தான் கதி, அதில் ஏகப்பட்ட தப்பு. மனிதன் கையால் போட்ட கணக்கு, கையால் கோத்த அச்சு. பாபேஜ் என்ன யோசித்தார் என்றால், பெருக்கலே இல்லாமல் வெறும் கூட்டலில் முடித்துவிடலாம் என்று. ஒரு காகிதம் எடுங்கள். 1, 4, 9, 16, 25 என்று எழுதுங்கள். பக்கத்துப் பக்கத்து எண்ணுக்கு வித்தியாசம் 3, 5, 7, 9. அந்த வித்தியாசங்களுக்குள் வித்தியாசம் எடுத்தால் எப்போதும் 2. இப்போது அடுத்த எண் வேண்டுமா, 9-உடன் 2 கூட்டினால் 11, 25-உடன் 11 கூட்டினால் 36. ஆறை ஆறால் பெருக்கவே இல்லை. கூட்டல் மட்டும் என்றால் பல்சக்கரத்துக்கு அது சுலபம், பத்துப் பல் தாண்டினால் அடுத்த சக்கரம் ஒரு பல் நகர வேண்டும், அவ்வளவுதான்.

1823-ல் அரசாங்கப் பணத்தில் வேலை தொடங்கியது. பாகங்களைச் செய்தவர் ஜோசஃப் கிளமென்ட் என்ற மெஷினிஸ்ட். 1833-ல் இரண்டு பேருக்கும் சண்டை வந்து வேலை நின்றது, 1842-ல் அரசாங்கம் கை கழுவியது, அதற்குள் 17,000 பவுண்டுக்கு மேல் போய்விட்டது. அந்தக் காலத்து லேத்தில் அவ்வளவு துல்லியம் வராது, அதனால்தான் முடியவில்லை என்று ரொம்ப நாள் சொல்லிவந்தார்கள். அது சரியில்லை. பாபேஜ் 1840-களின் கடைசியில் வரைந்து வைத்த இரண்டாவது மெஷினை லண்டன் அறிவியல் அருங்காட்சியகம் செய்து பார்த்தது. அந்தக் காலத்தில் வந்திருக்கக்கூடிய டாலரன்ஸுக்குள்ளேயே (அளவு இவ்வளவுதான் பிசகலாம் என்ற வரம்பு) பாகங்களைச் செய்து, 1991-ல் கணக்குப் பகுதி ஓடியது. அச்சுப் பகுதி 2002-ல் முடிந்தது. மொத்தம் சுமார் 8,000 பாகம், ஐந்து டன். வீடியோ கிடைத்தால் பின்பக்கம் எடுத்ததைப் பாருங்கள். கைப்பிடியைச் சுற்றும்போது ஒவ்வொரு இலக்கமாக மேலே ஏற, அதைக் கடத்திவிடும் உலோகக் கைகள் சுருள்சுருளாக அலைபோல எழும்பும். நான் வேலையைப் போட்டுவிட்டு நின்று பார்த்தேன்.

இன்னொன்று. கிளமென்ட் பட்டறையில் வேலை பார்த்த ஒரு ஆள் ஜோசஃப் விட்வொர்த். அவர்தான் 1841-ல் போல்ட் மரைக்கெல்லாம் ஒரே அளவு என்று முறை கொண்டுவந்தவர், 55 டிகிரி கோணம். பழைய பம்ப் ரிப்பேருக்கு வந்தால் இன்றைக்கும் நான் பி.எஸ்.டபிள்யூ. டேப் எடுத்துத்தான் மரை போடுகிறேன், அந்த டபிள்யூ இவர் பெயர்தான். அந்த நாவலைப் படிக்கும்போது இதெல்லாம் கையில் தெரியும்.

செம்மண்:

இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்ல வந்தேன். எனக்கு இந்த வகை நாவல்கள் மேல் கோபம் உண்டு, மறைக்க விரும்பவில்லை.

1876-லிருந்து 78 வரை நம் பக்கம் தாது வருஷப் பஞ்சம். 50 லட்சம் பேருக்கு மேல் செத்தார்கள். அது நடந்துகொண்டிருக்கும்போதே, 1877 ஜனவரி 1-ம் தேதி, விக்டோரியாவை இந்தியாவின் பேரரசி என்று அறிவிக்க டெல்லியில் வைஸ்ராய் லிட்டன் பிரபு தர்பார் நடத்தினார். நிவாரண வேலைக்கு வந்தவர்களுக்கு பஞ்ச வேலையை மேற்பார்த்த அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் நிர்ணயித்த கூலி ஒரு நாளைக்கு ஓர் அணாவோடு ஒரு பவுண்டு தானியம், அதாவது அரைக் கிலோவுக்கும் குறைவு, மண் வெட்டுகிற ஆளுக்கு. சென்னைக்குள் ஓடும் பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதி அப்படித்தான் வெட்டப்பட்டது. ரயில் வந்தால் பஞ்சம் தீரும் என்றார்கள், ரயில் வந்த பிறகு அதே ரயிலில் தானியம் துறைமுகத்துக்கும் போனது.

இது தெரிந்த ஒருவர் முன்னால் பித்தளைக் கண்ணாடியும் தொப்பியும் போட்டுக்கொண்டு, ஆகாயக் கப்பலில் ஏறி, பெயரில்லாத ஏதோ ஒரு கீழைநாட்டில் இறங்கிப் புதையல் எடுத்துவருகிற கதையை வைத்தால் என்ன செய்வது? அந்தப் பித்தளைக்குக் காசு எங்கிருந்து வந்தது, கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போடுகிறவன் யார் என்று ஒரு வரி இருக்காது. அப்படிப்பட்ட நாவல்கள் நிறையவே இருக்கின்றன, மூன்றைத் தொடர்ந்து படித்துவிட்டு நிறுத்திவிட்டேன்.

இரவுவாசகி:

செம்மண் சொல்வதில் ஒரு வார்த்தையையும் மறுக்க மாட்டேன், ஆனால் நீங்கள் நிறுத்திய இடம்தான் தப்பு என்று நினைக்கிறேன். இதே கோபத்தோடு எழுதப்பட்ட நாவல்கள் இந்த வகைக்குள்ளேயே இருக்கின்றன, அதுவும் ஆரம்பத்திலிருந்தே. ஸ்டீம்பங்க் என்ற பெயர் பிறப்பதற்கு 16 வருஷம் முன்பே, 1971-ல் மைக்கேல் மூர்காக் 'தி வார்லார்ட் ஆஃப் தி ஏர்' எழுதினார். 1902-ல் இருக்கும் ஒரு பிரிட்டிஷ் அதிகாரி 1973-ல் கண் விழிக்கிறான், ஆகாயக் கப்பல்கள் மிதக்கின்றன, உலகப்போர் நடக்கவே இல்லை, எல்லாம் அழகு. பேரரசுகளும் அப்படியே இருக்கின்றன. அந்த அழகு யார் முதுகில் நிற்கிறது என்று அவனுக்கு மெதுவாகப் புரிவதுதான் கதை.

பிலிப் ரீவ் எழுதிய 'மார்ட்டல் இன்ஜின்ஸ்' (2001) படித்தீர்களா? லண்டன் நகரமே சக்கரத்தில் ஓடுகிறது, அடுக்கு அடுக்காக, மேலே பணக்காரர்கள், கீழே எஞ்சின் சத்தத்திலும் புகையிலும் மற்றவர்கள். முதல் அத்தியாயத்திலேயே வற்றிப்போன வடகடலின் தரையில் ஒரு சின்னச் சுரங்க ஊரைத் துரத்திப் பிடித்து, தாடையைத் திறந்து விழுங்கி, உள்ளே கொண்டுபோய் உடைத்துப் பாகம் பாகமாகப் பிரிக்கிறது. மேல் தட்டில் நின்று மக்கள் கைதட்டுகிறார்கள். பேரரசு என்றால் என்ன என்பதை 12 வயதுப் பிள்ளைக்கு இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லிவிட முடியாது.

பிறகு நிஸி ஷாலின் 'எவர்ஃபேர்' (2016). பெல்ஜிய மன்னர் லியோபோல்டு காங்கோவில் ரப்பருக்காகக் கை வெட்டிய கொடுமை சரித்திரம். அதே காங்கோவில், அந்த மன்னரிடமிருந்தே ஒரு துண்டு நிலத்தை விலைக்கு வாங்கி, தப்பி வந்தவர்களும் அந்த மண்ணின் மக்களும் சேர்ந்து ஒரு நாட்டை உண்டாக்கினால் என்ன ஆகும் என்று எழுதியிருக்கிறார். வெட்டுப்பட்ட கைக்கு எந்திரக் கை பொருத்துகிறார்கள். பித்தளை அங்கே அலங்காரம் இல்லை செம்மண், அந்தக் கைதான் இனி அவர்களுடைய கை. கதாபாத்திரங்கள் நிறைய, வருஷங்கள் தாவித் தாவிப் போகும், முதல் 60 பக்கம் திணறல்தான். அதற்குப் பிறகு விட முடியாது.

சுசானா கிளார்க்கின் 'ஜொனாதன் ஸ்ட்ரேஞ்ச் அண்ட் மிஸ்டர் நொரெல்' (2004) விக்டோரியா காலம் இல்லை, நெப்போலியன் போர்க்காலம், எந்திரமும் கிடையாது, மந்திரம்தான். ஆனாலும் சேர்த்துக்கொள்ளுங்கள், அடிக்குறிப்புகளே தனிக் கதைகள். இரண்டு பெரிய மந்திரவாதிகள் சண்டை போட்டுக்கொண்டிருக்க, கதையின் உண்மையான முடிச்சு வீட்டு வேலைக்காரர் ஸ்டீஃபன் பிளாக்கிடம் இருக்கிறது. அவருடைய அம்மா அடிமைக் கப்பலில் செத்தவள்.

கரும்பலகை:

எல்லாரும் சொல்வதைப் படிக்க ஆசையாக இருக்கிறது. நான் பன்னிரண்டாவது வரை தமிழ்வழி. ஆங்கில நாவல் படிப்பேன், ஆனால் இந்தப் பழைய லண்டன் பேச்சு வந்தால் பாதி புரிவதில்லை. எதில் தொடங்கினால் கஷ்டம் இல்லாமல் இருக்கும்?

இரவுவாசகி:

'மார்ட்டல் இன்ஜின்ஸ்' எடுங்கள். இளையோருக்கு எழுதியது, வாக்கியங்கள் சின்னவை, தெருப்பேச்சு குறைவு. அடுத்து பிலிப் புல்மனின் 'நார்தர்ன் லைட்ஸ்' (1995). அதில் திசைகாட்டிபோல ஒரு கருவி வருகிறது, சுற்றிலும் 36 படங்கள், மூன்று முட்களை நாம் திருப்பி மூன்று படத்தைக் காட்டிக் கேள்வி கேட்க வேண்டும், நாலாவது முள் தானே சுழன்று பதில் சொல்லும். அதைக் கதையின் நாயகி லைரா மடியில் வைத்துக்கொண்டு முதன்முதலாகப் படித்துப் பார்க்கும் இடத்தில் உங்களுக்கு அகராதி தேவைப்படாது. ஒவ்வொரு சொல்லுக்கும் நின்று தேடாதீர்கள், ஓடவிடுங்கள், மூன்று தடவை வரும் சொல் தானாகப் புரிந்துவிடும்.

மன்னார்க்கரை:

எல்லாருக்கும் வணக்கம், நான் மன்னார். நீங்கள் கதைக்கிறதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், ஒருத்தரும் நீமோவைப் பற்றிச் சொல்லவில்லையே என்றுதான் எழுதுகிறேன்.

ஸ்டீம்பங்குக்கு அப்பன் பாட்டன் யார் என்று கேட்டால் பிரெஞ்சு எழுத்தாளர் ஜூல் வெர்னைத்தான் சொல்ல வேண்டும். 1870-ல் புத்தகமாக வந்து முடிந்த 'கடலுக்கடியில் இருபதாயிரம் லீக்' கதையில் கப்டன் நீமோவின் நாட்டிலஸ் என்ற நீர்மூழ்கி எங்கட கடலுக்கு வருகிறது. மன்னார் முத்துச் சலாபம், அதாவது முத்துக் குளிக்கும் இடம். நீமோவும் கதையைச் சொல்லும் பேராசிரியரும் அவருடைய ஆட்களும் நீர்மூழ்கி உடுப்புப் போட்டுக்கொண்டு சிப்பிப் பாரில் (சிப்பி விளையும் கடலடித் திட்டில்) நடக்கிறார்கள், தேங்காய் அளவு முத்து ஒன்றை ஒரு பெரிய சிப்பிக்குள் பார்க்கிறார்கள். அப்போது மேலே ஒரு சின்ன வள்ளம். ஒரு ஏழைக் குளியாள், கால்களுக்கிடையே கல்லை இடுக்கிக்கொண்டு இறங்குகிறான், கைக்கு எட்டின சிப்பியைப் பிடுங்கிப் பையில் போடுகிறான், மேலே போகிறான், திரும்ப இறங்குகிறான். அரை நிமிஷம்தான் ஒவ்வொரு முறையும். பாறைக்குப் பின்னால் நின்று இவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சுறா வருகிறது. வாலால் அடித்து அவனைச் சாய்க்கிறது. நீமோ ஒரு கத்தியை மட்டும் வைத்துக்கொண்டு அதன் முன்னால் போய் நிற்கிறார். கடைசியில் கூட வந்த திமிங்கில வேட்டைக்காரன் நெட் லாண்ட் ஈட்டியால் குத்தித்தான் சுறா சாகிறது. குளியாளை மேலே தூக்கிக்கொண்டுபோய் உயிர்ப்பித்து, நீமோ தன் பையிலிருந்து ஒரு சின்னப் பை முத்தை எடுத்து அவன் கையில் வைக்கிறார்.

மனிதர்களையே வெறுத்து ஒதுங்கின நீங்கள் ஏன் இவனைக் காப்பாற்றினீர்கள் என்று பேராசிரியர் கேட்கிறார். அவன் ஒடுக்கப்பட்ட நாட்டவன், நானும் என் கடைசி மூச்சு வரைக்கும் அந்த நாட்டவன்தான் என்ற பொருளில் நீமோ பதில் சொல்கிறார்.

நான் இதைப் பதினைந்து வயதில் படித்தேன். அரிப்புக் கரையில் இலங்கையின் பிரிட்டிஷ் ஆளுநர் நோர்த் சலாபத்தைப் பார்க்கக் கட்டின மாளிகை இன்றும் இடிந்து கிடக்கிறது, அதில் இருந்து பார்த்தால் அந்தக் கடல் தெரியும். முத்து யாருக்குப் போனது என்று அந்த மாளிகையைப் பார்த்தாலே விளங்கும். வெர்ன் இந்தப் பக்கம் வந்ததே இல்லை. ஆனாலும் ஒரு குளியாளைக் கவனித்திருக்கிறார். அதனால் பல்சக்கரம், உங்கட இரண்டாவது கேள்விக்கு என்னுடைய பதில் இதுதான்: இந்தக் கதைகளில் எனக்கும் பங்கு இருக்கிறது.

பழையபேப்பர்கடை:

மன்னார்க்கரை, கை கொடுங்கள். இதைத் தொடர்ந்து ஒரு விஷயம் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் இதில் படிக்கிறவர்கள் பலர் ஏமாறுகிறார்கள்.

நீமோ யார் என்பது 1875-ல் முடிந்த 'தி மிஸ்டீரியஸ் ஐலண்ட்' கடைசியில்தான் வருகிறது. அவர் இளவரசர் டக்கார், பண்டேல்கண்ட் ராஜாவின் மகன், திப்பு சாகிபுக்கு உடன்பிறந்தார் மகன் முறை. ஐரோப்பாவில் படித்து, ஊர் திரும்பி, 1857 எழுச்சியில் போரிட்டு, குடும்பத்தை இழந்து, மிஞ்சிய சிலரோடு பசிபிக் தீவு ஒன்றில் நாட்டிலஸைக் கட்டியவர். வெர்ன் முதலில் அவரை ரஷ்யாவை எதிர்க்கும் போலந்துக்காரராகத்தான் நினைத்திருந்தார், பதிப்பாளர் ஹெட்ஸெல் ஒத்துக்கொள்ளவில்லை. அதனால் முதல் நாவலில் ஊர் பேர் தெரியாதவராக இருந்தவர் இரண்டாவதில் இந்தியர் ஆனார்.

பிரச்சினை மொழிபெயர்ப்பில். கிங்ஸ்டன் பெயரில் வந்த பழைய ஆங்கில மொழிபெயர்ப்பில் இந்தப் பகுதியை மாற்றிவிட்டார்கள். பிரெஞ்சில் நாட்டை மீட்கப் போராடிய ஒருவரின் கதை, ஆங்கிலத்தில் பேராசை பிடித்த இளவரசர்கள் மக்களைத் தூண்டிவிட்ட கலகமாக ஆகிவிட்டது. காப்புரிமை முடிந்துவிட்டதால் இணையத்தில் இலவசமாகவும் மலிவுப் பதிப்பாகவும் அதுவே அதிகம் சுற்றுகிறது. நம்மில் எத்தனையோ பேர் நீமோவைப் படித்தும் படிக்காதவர்களாக இருக்கிறோம். 2001-ல் வெஸ்லியன் பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்ட சிட்னி கிராவிட்ஸின் மொழிபெயர்ப்பைத் தேடி வாங்குங்கள்.

வெர்னை ஒரேயடியாகத் தூக்கி வைக்கவும் வேண்டாம். 1880-ல் அவரே 'தி ஸ்டீம் ஹவுஸ்' எழுதினார். எஃகினால் செய்த நீராவி யானை, தும்பிக்கை வழியாகப் புகை, பின்னால் சக்கரம் வைத்த இரண்டு பங்களா, கல்கத்தாவிலிருந்து இமயமலை வரைக்கும் பயணம். ஸ்டீம்பங்க் ரசிகனுக்கு இதைவிடப் பெரிய விருந்து கிடையாது. ஆனால் அதில் அதே 1857-ன் நானா சாகிப் வில்லன், துரத்துகிறவர் ஆங்கிலக் கர்னல். ஐந்து வருஷத்தில் அதே எழுத்தாளர் அதே எழுச்சியை எதிர்ப்பக்கம் நின்று எழுதிவிட்டார். இரண்டையும் அடுத்தடுத்துப் படியுங்கள்.

செம்மண்:

மூன்று நாள் கழித்து வருகிறேன். நூலகத்தில் கிராவிட்ஸ் கிடைத்தது, பழைய கிங்ஸ்டனைக் கணினியில் திறந்துவைத்து, டக்கார் தன் கதையைச் சொல்லும் அத்தியாயத்தை வரிவரியாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பழையபேப்பர்கடை அண்ணன் சொன்னது அப்படியே உண்மை. ஒன்றில் அந்த மனிதர் படிப்பு, கலை எல்லாம் கற்றும் உள்ளுக்குள் இந்தியராகவே இருக்கிறார், அந்நியரைத் துரத்தி நாட்டை மீட்கும் ஆசைக்காகவே படிக்கிறார். இன்னொன்றில் ஆட்சிக்கு எதிராகப் போனதே தவறான யோசனை என்ற தொனி. ஆள் ஒன்று, பெயர் ஒன்று, நியாயம் மட்டும் களவு போயிருக்கிறது. எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

என் கோபம் போய்விடவில்லை. கரி அள்ளுகிறவன் இல்லாத நாவல்களை இப்போதும் தொட மாட்டேன். ஆனால் இந்த வகையை அவர்களிடம் விட்டுக்கொடுத்துவிட்டு நாம் எழுந்து போகக் கூடாது என்று தோன்றுகிறது. யோசித்துப் பாருங்கள், 1780-ல் காஞ்சிபுரம் பக்கத்துப் புள்ளலூர்ப் போரில் மைசூர்ப் படையின் ராக்கெட்டுகள் வந்து விழுந்து கும்பெனிப் படையின் வெடிமருந்து வண்டிகள் எரிந்தன. பிற்பாடு திப்புவிடமிருந்து பிடித்த ராக்கெட்டுகளை லண்டனுக்குக் கொண்டுபோய்ப் பார்த்துத்தான் வில்லியம் காங்கிரீவ் தன் ராக்கெட்டுகளைச் செய்தார். அந்த இரும்புக் குழாய் செய்த கொல்லர்கள் தோற்காமல் இருந்திருந்தால், அடுத்த நூறு வருஷத்தில் அந்தப் பட்டறைகள் என்ன செய்திருக்கும்? இதை யாராவது தமிழில் நாவலாக எழுதினால் முதல் பிரதி நான் வாங்குகிறேன். 'எவர்ஃபேர்' தொடங்கியிருக்கிறேன், 40-வது பக்கம், இரவுவாசகி சொன்ன திணறலில் இருக்கிறேன்.

லேத்பட்டறை:

கொல்லர் பட்டறையிலிருந்து கதை தொடங்கினால் கூப்பிடுங்கள், பட்டறை விவரம் நான் சொல்கிறேன்.

நீராவி எஞ்சினை நேரில் பார்க்காமல் இந்த நாவல்களைப் படிக்கிறவர்களுக்கு ஒரு யோசனை. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி ரயில் ஏறுங்கள். குன்னூர் வரைக்கும் பாதை 1899-ல் திறந்தது, அசல் விக்டோரியா காலம். எஞ்சின் பின்னால் நின்று தள்ளும். கல்லாறு தாண்டியதும் தண்டவாளத்துக்கு நடுவில் பல்வரிசைத் தண்டவாளம் தொடங்குகிறது, எஞ்சினின் பினியன் என்ற பல்சக்கரம் அதில் கடிக்கும்போது ஒரு குலுக்கல் வரும், சீட்டிலேயே தெரியும். நாலு சிலிண்டர். இரண்டில் வேலை பார்த்த நீராவியை வெளியே விடாமல் அடுத்த இரண்டுக்கு அனுப்பி அதை வைத்துப் பல்சக்கரத்தை ஓட்டுகிறார்கள், ஒரே நீராவி இரண்டு தடவை உழைக்கிறது. ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு பிரேக்மேன் கொடியோடு நிற்பார். தண்ணீர் பிடிக்க நிறுத்தும் இடத்தில் இறங்கி எஞ்சின் பக்கம் போய் நின்றேன், சும்மா நிற்கும்போதும் அது மூச்சு விடுகிறது. அடுத்தது என்ன நடக்கிறது என்று கண்ணால் பார்த்தே சொல்லிவிடலாம், எதுவும் மூடி வைத்திருக்கவில்லை. போனைத் திறந்தால் எனக்கு ஒன்றும் தெரியாது, இதில் எல்லாம் தெரிகிறது. இந்த நாவல்கள் எனக்குப் பிடிக்கக் காரணம் அதுதான் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

பல்சக்கரம்:

இவ்வளவு பதில் வரும் என்று நினைக்கவே இல்லை. கிராவிட்ஸ் பதிப்புக்கு ஆர்டர் போட்டாயிற்று. மன்னார்க்கரை, நீங்கள் எழுதிய அந்த இடத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அம்மா கேட்ட முதல் கேள்வி, அவ்வளவு முத்தை அந்தக் குளியாள் கரைக்குக் கொண்டுபோனால் அவனை விட்டுவைத்திருப்பார்களா என்று. எனக்குப் பதில் தெரியவில்லை, நீங்கள் சொல்லுங்கள்.

மன்னார்க்கரை:

அம்மா சரியான இடத்தைப் பிடித்திருக்கிறா. சலாபம் முழுக்க அரசாங்கத்தின் கையில், கரையில் காவல், சிப்பியை எண்ணிப் பிரித்து அரசாங்கப் பங்கு போகத்தான் குளியாளுக்கு. வெர்ன் அந்தக் குளியாளைத் தனி வள்ளத்தில், சலாபக் காலம் தொடங்குவதற்கு முன்னால் வந்த ஆளாகத்தான் காட்டுகிறார். களவாக வந்தவன் என்றால் களவாகத்தான் விற்றிருப்பான். எங்கட ஊரில் கடலை அறிந்தவனுக்கு இரவில் கரை சேர இடமா இல்லை?

கரும்பலகை:

ஒரு சந்தேகம். 'இருபதாயிரம் லீக்' இலவசப் பிரதி ஒன்று போனில் வைத்திருக்கிறேன். அதுவும் கெட்ட மொழிபெயர்ப்பா, எப்படிக் கண்டுபிடிப்பது?

பழையபேப்பர்கடை:

இரண்டாவது அத்தியாயத்தின் முதல் வரியைப் பாருங்கள். பேராசிரியர் நெப்ராஸ்காவிலிருந்து திரும்பி வந்ததாக இருக்கும். அங்கே பேட்லேண்ட்ஸ் என்பது இடத்தின் பெயர். அதைப் பெயர் என்று தெரியாமல் 'டிஸ்அக்ரியபிள் டெரிட்டரி' என்று போட்டிருந்தால் அது 1873-ன் மெர்சியர் லூயிஸ் மொழிபெயர்ப்பு, நிறைய வெட்டியிருக்கிறார்கள். அழித்துவிடுங்கள். குட்டன்பர்க் தளத்தில் எஃப். பி. வால்டர் மொழிபெயர்ப்பு இலவசமாகவே இருக்கிறது, முழுசானது.

கரும்பலகை:

பார்த்தேன். டிஸ்அக்ரியபிள் என்றுதான் இருக்கிறது. அழித்துவிட்டு வால்டர் இறக்கிக்கொண்டிருக்கிறேன்.